தெற்கே, எண்பத்தெட்டில்

பத்தொன்பது என்று பேனாவால் எழுதிய டோக்கன் அட்டைத் துண்டைக் குழந்தைவேலு உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்தான். உள்ளே இப்போதுதான் பன்னிரண்டு. இன்னும் ஏழு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் அரை மணிக்கு மேலே ஆகும், அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம், ராத்திரி பூராவும் வராத முடிவு இந்த இ-சேவை மையத்துத் தகரக் கூரைக்குக் கீழே, வெயில் முட்டி வரைக்கும் ஏறிவிட்ட பெஞ்சில் வந்துவிடும் என்று என்ன நிச்சயம், வந்தாலும் வரும். பம்ப் ஹவுஸில் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவனுக்குப் பகல் வெயில் கண்ணில் விழுவதில்லை, கண்ணுக்குப் பின்னால் எங்கேயோ போய் விழுகிறது, அங்கே கிடந்து காய்கிறது. உள்ளங்காலில் இன்னும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷமாக ஆற்றோரம் அந்த மோட்டார்களோடு இருந்து இருந்து, வீட்டில் படுத்தாலும் காலுக்கடியில் தரை அதிர்கிறது. எட்டாவதோடு படிப்பை விட்டவன், மோட்டாருக்குக் காயில் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டவன், எந்த மோட்டாரில் பேரிங் போகப்போகிறது என்று பாதம் சொல்லிவிடும். இந்த விஷயத்தில் மட்டும் பாதம் ஒன்றும் சொல்லக் காணோம். மடியில் மஞ்சப்பை. அதற்குள் அண்ணன் அத்தியப்பனின் ஆஸ்பத்திரி ஃபைல், நெஞ்சு எக்ஸ்ரே, இறந்த நேரம் காலை 7.52 என்று டாக்டர் எழுதிய தாள், எல்லாவற்றுக்கும் மேலே கோடு போட்ட நோட்டில் கிழித்த ஒரு காகிதம். அதில் அண்ணி பென்சிலால் எழுதியிருந்தாள். நேற்றிலிருந்து எத்தனை தடவை படித்தாயிற்று, இனிமேல் எடுக்க வேண்டாம் என்று நினைக்கும்போதே விரல் பைக்குள் போய் அந்தக் காகிதத்தின் ஓரத்தைத் தடவிவிட்டு வருகிறது. ஐயா, என் கொழுந்தனார் என் வீட்டுக்காரரை உயிரோடு பார்ப்பதற்காக வேகமாக வந்தார். அவர் மேல் குற்றம் இல்லை. இப்படிக்கு, அ. பாவாயி. இதைக் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே தள்ளினால் போதும், வேகமாக வண்டி ஓட்டியதற்கு வந்த அபராதத்தை மறுத்தாயிற்று. தள்ளாமல் ஆயிரம் ரூபாயைத் தள்ளினால், அதுவும் முடிந்தது. இரண்டில் ஒன்று, இரண்டே இரண்டுதான், இதற்கு ஒரு மனிதன் ராத்திரி முழுக்க மோட்டார் ஓடுகிற ஹாலில் முன்னும் பின்னும் நடப்பானா.

அந்த அபராத மெசேஜ் இவன் போனுக்கு வந்திருந்தால் இந்த வம்பே இல்லை. இவன் போனுக்கு எதுதான் வந்திருக்கிறது. பகலில் தூங்குகிறவன் என்பதால் கேஸ், ரேஷன், பேங்க், ஆதார் எல்லாவற்றுக்கும் அண்ணன் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருக்கிறான், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டி எடுத்தபோது ஷோரூம்காரன் கேட்டதற்கும் வாயில் வந்தது அந்த நம்பர்தான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் போனில் இவனுடைய ஓடீபி வந்து விழும், உடனே கூப்பிடுவான். "டேய் கொழந்த, எந்திரி, உனக்கு நம்பர் வந்திருக்குது, எழுதிக்க. நாப்பத்தொண்ணு. எழுவது. பதிமூணு. மறுபடி சொல்றேன்." ஆறு எண்ணையும் ரெண்டு ரெண்டாகப் பிரித்து ரெண்டு தடவை சொல்லுவான், சொல்லிவிட்டுச் சாப்பிட்டியா என்பான், தூங்கு என்பான். கருமாதி முடிந்து பந்தல் பிரித்த அன்று சாயங்காலம் அந்தப் போன் அண்ணி கையில் இருந்தபோது வந்து விழுந்ததுதான் இது. வண்டி எண், தேதி, நேரம் காலை 7.12, வேகம் 88, அனுமதி 60. இடம் என்ன என்று அதில் இல்லை, அதையும் படத்தையும் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே போய்த் திறக்க வேண்டும். அண்ணி அழுதுகொண்டே கூப்பிட்டாள். "ஏனுங் தம்பி, அன்னிக்குக் காத்தாலதானுங்களே இது? எம்பத்தெட்டுலயா வந்தீங்க? எம்பத்தெட்டுல வந்து, அப்புறமேட்டுத்தான் அந்தப் பாழாப்போன டயரு பஞ்சர் ஆச்சுங்களா? நீங்களும் போய்ச் சேர்ந்திருந்தா எங்க கதி என்னாவறதுங் தம்பி?" இவன் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ம் என்றான். அந்த ம்-மிலிருந்துதான் இந்த மஞ்சப்பை முளைத்தது. அண்ணி நேற்று பஸ் பிடித்துப் பரமத்திவேலூருக்கு வந்து, இவன் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்று எழுப்பக் கூடாதென்று இவன் மனைவி ருக்குமணியிடம் கையசைத்துவிட்டு, பையைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பிப் போயிருக்கிறாள். மூன்று மணிக்கு எழுந்தவன் கண்ணில் முதலில் பட்டது அது. "உங்களுக்கு ஒரு பைசா தண்டம் வரக் கூடாதுன்னு சொல்லீட்டுப் போறாங்க. காசுக்காக இல்லியாமா. உங்க மேல குத்தம்னு ஒரு எடத்துலயும் எழுதியிருக்கக் கூடாதாமா," என்றாள் ருக்குமணி.

"ஏ மாப்ள, என்ன, உனக்கும் படம் புடிச்சு அனுப்பிச்சுட்டானா?" பெஞ்சு ஆடியது. வாழைத்தார் வியாபாரி செங்கோடன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து டோக்கனை விசிறியாக்கிக்கொண்டார். இருபத்தொன்று. "என்ற கதையக் கேளு. தாரைச் சாக்குல சுத்திப் பின்னால கட்டிட்டு ஏலக்கடைக்குப் போறேன். மூணாம் நாளு வருது பாரு, பின்னால உக்காந்தவரு ஹெல்மெட் போடலைன்னு. பூவந்தாரு மாப்ள! பூவந்தாருக்கு நான் எந்த அளவுல ஹெல்மெட் வாங்கறது?" பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள், இவனும் சிரித்தான், சிரிப்பு முடிந்த பிறகும் உதடு திரும்பி வராமல் அப்படியே நின்றது. "உனக்கு என்னத்துக்கு?" "வேகமுங் மாமா." "நீயா! நீ போற வேகத்துக்குப் பொடக்காளியில மேயற கோழி கூட முன்னால போயிருமே. நான் சொல்றேன் கேளு, வண்டி என்றதில்ல, எவனோ என்ற நம்பரைப் போலியாப் போட்டுட்டுச் சுத்தறான்னு போட்டுவிடு. பாதிப் பேரு அதான் பண்றான்." போலி. அப்படியும் ஒருவன் இருக்கலாம். அதே நம்பர், அதே நீலச் சட்டை, அதே முகம், இன்னொருவன். அவன் அன்றைக்குத் தெற்கே போனான், நிஜமான குழந்தைவேலு வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டான், ஏழு ஐம்பத்திரண்டுக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான், கையைப் பிடித்துக்கொண்டான். இதை எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா. "யோசனை பண்ணாத மாப்ள, படத்துல மூஞ்சி தெரியாது," என்றார் மாமா. தெரியாது என்றால் சரி. எதற்குச் சரி. முகம் தெரியாமல் போனால் இடம் தெரியாமல் போகுமா.

இடம்தான் எல்லாம். காவிரிப் பாலம் தாண்டி, தவிட்டுப்பாளையத்துக்கு முன்னால், கரூர் போகிற சாலை. இந்த ஊரில் சின்னப்பிள்ளை கூடச் சொல்லும், பைபாஸில் ஏறி வடக்கே போனால் பரமத்தி, கீரம்பூர், வள்ளிபுரம் தாண்டி நாமக்கல், தெற்கே போனால் கரூர். ஆஸ்பத்திரி நாமக்கல்லில் இருக்கிறது. அன்றைக்கு ஆறே முக்காலுக்கு, ஷிப்ட் மாற்றி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணி கூப்பிட்டாள், "தம்பி, மூச்சு ஒரு மாதிரியா வாங்கறாருங், உங்களத்தான் கேக்கறாரு, ஓடியாங்க," இவன் இதா வந்துட்டேனுங் அண்ணி என்றான், பொய்யில்லை, சத்தியமாக வந்துகொண்டுதான் இருந்தான், ஹெல்மெட் மாட்டி, கிக்கர் உதைத்து, சந்துக்குள் குறுக்கே வந்த நாயைத் திட்டி, பைபாஸ் ஏறுகிற இடம் வரைக்கும் வந்துகொண்டுதான் இருந்தான். அந்த இடத்தில் என்ன நடந்தது என்று நாற்பது நாளாகத் தோண்டுகிறான். ஒரு நினைப்பும் அகப்படவில்லை. கை திருப்பியது. முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் ஆக்சிஜன் மாஸ்கை மேலே தூக்கிவிட்டுச் சொன்னது மட்டும் காதில் இருந்தது. "கொழந்த, காத்தால வந்துரு. பாவாயி அழுவா. நீ நின்னீன்னா நான் பயப்படமாட்டேன்டா. நீ வெள்ளத்துல நின்னவன்." வெள்ளத்தில் நின்றவன். எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பட்டறையில் அண்ணன் இந்தக் கதையைச் சொல்லியிருப்பான், ஆத்துத் தண்ணி பம்ப் ஹவுஸுக்குள்ளே ஏறினப்ப எல்லாரும் ஓடிட்டாங்க, என்ற தம்பி இடுப்பளவு தண்ணியில நின்னு வால்வு அத்தனையும் மூடிட்டுத்தான் வந்தான், அவனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. நின்றான், வாஸ்தவம். கால் எடுக்க வரவில்லை, அதனால் நின்றான். தொடைக்கு மேலே தண்ணீர் ஏற ஏறக் கால் இரண்டும் சிமெண்டில் புதைத்ததுபோல ஆகிவிட்டது, கைக்கு எட்டினது வால்வு சக்கரம், விழாமல் இருக்க அதைப் பிடித்தான், பிடித்த பிடியில் அது திரும்பியது. இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. முதலில் சொல்ல வெட்கம், பிறகு சொன்னால் அண்ணன் பொய்யனாகிவிடுவான், பிறகு அதுவே இவன் ஆகிவிட்டது. அண்ணன் சாகிற நேரத்தில் நம்பிக்கொண்டிருந்தது அந்த வெள்ளத்து ஆளை. அந்த ஆளை இவன் எங்கேயிருந்து கூட்டிக்கொண்டு போவான். அறைக்குள் நுழைகிறான், அண்ணன் பார்க்கிறான், இவன் கால் நடுங்குவதைப் பார்க்கிறான், அடப் பாவி, உனக்கும் பயமா என்று அந்தக் கண் கேட்கிறது, கேட்டுக்கொண்டே மூடுகிறது. அதுதான். அந்தக் கண்ணை நினைத்த மாத்திரத்தில் கை திருப்பிவிட்டது. அதிலும் பார், மெதுவாகப் போகவில்லை. சாகக் கிடக்கிறவனைப் பார்க்க என்ன வேகத்தில் போக வேண்டுமோ அந்த வேகத்தில்தான் போனான். பாலத்தில் இடது பக்கம் வெயில், ஆறு பூராவும் தகடு தகடாக மின்னியது, கண் கூசியது, எண்பத்தெட்டில்.

வேலாயுதம்பாளையத்தில் பூட்டிக் கிடந்த ஒரு டயர் கடைக்கு முன்னால் வண்டி நின்றது. மரத்தில் கட்டித் தொங்கவிட்ட பழைய டயரில் வெள்ளைப் பெயிண்டில் பஞ்சர் என்று எழுதியிருந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, நின்றது, அதிர்ந்தது. ஏழு தடவை. நெஞ்சுக்கு மேலே வைத்திருந்ததால் எது போன் எது நெஞ்சு என்று தெரியாமல் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், எட்டாவது தடவை வராதபோது புரிந்துவிட்டது, அப்புறம்தான் வண்டியைத் திருப்பினான், எட்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் அண்ணியைப் பார்த்ததும் வாயைத் திறந்தான், வாயில் ரெடியாக இருந்தது அந்த டயரில் பார்த்த வார்த்தை. "பஞ்சருங் அண்ணி. பரமத்திகிட்ட." அண்ணி இவன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க மேல என்னங் தப்பு, வண்டி சதி பண்ணிருச்சு என்றாள். பிடித்த கையை விடாமல் உள்ளே கூட்டிப்போய், அண்ணன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், உங்க தம்பி வந்துட்டாருங்க என்று அவனிடம் சொன்னாள். அன்றிலிருந்து அந்த வண்டி அவளுக்கு ஆகாது. கருமாதிக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, இதாங்க, இதுதான் என்றாள். வண்டி ஒரு பாவமும் அறியாது. அதன் டயரில் ஒரு முள்கூட ஏறியதில்லை. சரி, கட்டிவிடலாம். ஆயிரத்தைக் கட்டிவிட்டு அண்ணியிடம், காயிதமெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க என்றால் நம்புவாள். நம்பி, அண்ணனுக்காக எம்பத்தெட்டுல வந்தவரு என்று சாகிற வரைக்கும் சொல்லுவாள், பேரன் பேத்திகளிடம் சொல்லுவாள், இன்னொரு வெள்ளத்துக் கதை, இவன் இன்னொரு முறை ஆணி அடித்து மாட்டப்படுவான். காகிதத்தைத் தள்ளிவிட்டால் இன்னும் மோசம். படத்தைத் திறக்கிற அதிகாரி இடத்தைப் பார்ப்பான், ஆஸ்பத்திரித் தாளைப் பார்ப்பான், அவர் மேல் குற்றம் இல்லை என்பதைப் படிப்பான், சிரிப்பான். இவனைப் பார்த்துச் சிரித்தால் போகிறது, அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பான். மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதன் கிட்டே போகும்போதெல்லாம் மனசு பைபாஸ் ஏறுகிற இடத்தில் கை திரும்பினதுபோலவே திரும்பிவிடுகிறது. சொன்னால் என்ன ஆகும். அண்ணிக்கு இந்தப் பக்கத்தில் தம்பி என்று கூப்பிட இவனை விட்டால் ஆளில்லை, இவனுக்கும் பகலில் எழுப்பி நம்பர் சொல்ல ஆளில்லை. சொல்லிவிட்டால் அவள் பார்ப்பாள் அல்லவா, அண்ணன் பார்க்காமல் போன அந்தப் பார்வையை.

"பத்தொம்பது! அண்ணா, பத்தொம்பது யாரு?" அட்டைத் துண்டு வியர்வையில் ஊறி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேன்மொழி என்று பேட்ஜ் குத்திய பெண் வண்டி எண்ணைத் தட்டினாள். "கட்டறதாண்ணா, மறுக்கறதா?" "முதல்ல படத்தைப் பாக்கணும்." "எதுவா இருந்தாலும் ஓடீபி போட்டாத்தான் தொறக்கும். அனுப்பியாச்சு, சொல்லுங்க." இவன் தன் போனைப் பார்த்தான். அதில் ஒன்றும் வரவில்லை, அதில் எப்படி வரும். ராத்திரி முழுக்க எல்லாவற்றையும் யோசித்தவன் இதை மட்டும் யோசிக்கவில்லை, கட்டினாலும் மறுத்தாலும் முதல் கதவு அண்ணியின் கையில் இருக்கிறது. "சீக்கிரமுங்ணா, ரெண்டு நிமிஷந்தான் செல்லும்." அண்ணிக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் போல. "வந்திருக்குதுங் தம்பி, சொல்றேன், எழுதிக்கிடுங்க. அறுவத்திரெண்டு. பூச்சியம் எட்டு. முப்பத்தஞ்சு. மறுபடி சொல்றேன்." அண்ணன் சொல்கிற மாதிரியே, ரெண்டு ரெண்டாக, ரெண்டு தடவை. இத்தனை வருஷமும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இவன் கண்ணாடிக்குள்ளே அதைச் சொன்னான். தேன்மொழி திரையை இவன் பக்கம் திருப்பினாள்.

செங்கோடன் மாமா சொன்னது தப்பு. முகம் தெரிந்தது. ஹெல்மெட் கண்ணாடி மேலே ஏறியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் முன்னால் எதையோ பிடித்துவிடப் போவதுபோல விரிந்திருந்தது. ஓடிப்போகிறவன் முகம் திருட்டு முகமாக இருக்கும் என்றுதான் நாற்பது நாளாக நினைத்திருந்தான். இது அப்படி இல்லை. "ஏதோ அவசரமுங்களாண்ணா? பாத்தாலே தெரியுது," என்றாள் தேன்மொழி. இந்தப் படத்தை யாரிடம் காட்டினாலும் அண்ணனிடம் போகிறவன் என்றுதான் சொல்வார்கள். கீழே இடத்தின் பேரோடு ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டால். போன் இன்னும் காதில் இருந்தது. "படம் வந்துச்சுங்களா தம்பி? எந்த எடமுங் அது? பரமத்திக்கு முன்னாலயா, பின்னாலயா?" சொல்லிவிடலாம், பரமத்திக்கு முன்னாலதானுங்க, ரெண்டே வார்த்தை. வெள்ளத்தில் ஆனதுபோலக் கால் இரண்டும் இறுகின. விழாமல் இருக்கக் கைக்கு எட்டினதைப் பிடித்தான், மரத் தடுப்பின் விளிம்பு. "அண்ணி, அது பாலத்துக்கு அந்தப் பக்கமுங்க. கரூர் பக்கம். பஞ்சரெல்லாம் ஆகலீங்க. பயந்துக்கிட்டு அந்தப் பக்கமாப் போயிட்டேனுங் அண்ணி. நீங்க கூப்பிட்டப்பெல்லாம் போன் பையிலதான் இருந்துச்சு." தேன்மொழி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பின்னால் பெஞ்சில் பேச்சு நின்றது, செங்கோடன் மாமாவின் டோக்கன் விசிறியும் நின்றிருக்க வேண்டும். போனுக்குள் நாமக்கல் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நகர்வது கேட்டது. மோட்டாரில் எங்கே கோளாறு என்று கேட்பதுபோல அந்தச் சத்தத்துக்குள் காதை விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தான். அண்ணி அழவில்லை. மூச்சு மட்டும் வந்தது, போனது.

"நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தனுங்க," என்றாள் கடைசியாக. "நீங்க எடுக்கல. அவரு கேட்டாரு, கொழந்த எங்க வாரான்னு. பரமத்தி தாண்டியாச்சுன்னேன். கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடி கேட்டாரு. கீரம்பூர்னேன். அப்புறம் கையைத் தூக்கி இப்படின்னாரு, நானே புரிஞ்சுக்கிட்டு வள்ளிபுரம் வந்தாச்சுங்கன்னேன். அதுக்கப்புறம் கேக்கல." கடிகாரம். "நாந்தானுங்க உங்களக் கூட்டியாந்தேன்." அதற்குப் பிறகு வேறொரு குரலில், கறிகாய்க்காரனிடம் பேசுவதுபோன்ற குரலில், "அந்தக் காயிதத்த அவங்ககிட்டக் குடுத்துட்டீங்களா?" "இல்லீங்க." "குடுக்காதீங்க. பையோட கொண்டாந்து குடுத்துருங்க." வைத்துவிட்டாள். தம்பி என்கிற சொல் கடைசிப் பேச்சில் ஒரு இடத்திலும் வரவில்லை, இவன் முதலிலிருந்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான், எங்கேயும் இல்லை. "அண்ணா," என்றாள் தேன்மொழி மெதுவாக, "கட்டறதா, மறுக்கறதா?" "கட்டறதுதாம்மா. வண்டி என்றதுதான். ஓட்டினதும் நாந்தான்." ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான், மஞ்சப்பைக்குள் வைக்கவில்லை. வெளியே வரும்போது செங்கோடன் மாமா எழுந்து வழிவிட்டார், "வெயிலா இருக்குது மாப்ள, பாத்துப் போ," என்று மட்டும் சொன்னார்.

வண்டி சீட்டு கொதித்தது. தூங்க வேண்டும், கண் எரிந்தது, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டுச் சாயங்காலமாகப் பையைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், ருக்குமணியிடம் கொடுத்தனுப்பலாம், பஸ் டிரைவர் யாரிடமாவது, என்று மனசு வரிசையாக எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தது, பைபாஸ் ஏறுகிற இடத்தில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தெற்கே திரும்பியது, இவன் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து வடக்கே திருப்பினான். மஞ்சப்பை டேங்க் மேலே, வயிற்றை ஒட்டி. முள் நாற்பதைத் தாண்டவில்லை. வேன், காலேஜ் பஸ், கோழித் தீவன லாரி, எல்லாம் தாண்டிப் போயின. பரமத்தி. இந்த இடத்தை அன்றைக்கே தாண்டியாயிற்று, அண்ணன் காதில். சாலையோரம் ஒரு பஞ்சர் கடை திறந்திருந்தது, இவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பிறகு பார்த்தான். கீரம்பூர். இங்கே வரும்போது அண்ணனுக்குப் பேச்சு இருந்தது. கீரம்பூர் தாண்டின பிறகு கைதான். போய் என்ன சொல்வது, வாசலோடு பையை வைத்துவிட்டுத் திரும்புவதா, அண்ணி கதவைத் திறப்பாளா, திறந்து பார்ப்பாளே, பார்க்கட்டும், கால் நடுங்கினால் நடுங்கட்டும், கதவு வரைக்கும் நடுங்கிக்கொண்டே நடக்க முடியாதா என்ன. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவதற்குள் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, எடுத்தான். அந்தப் பக்கம் கடிகாரம். பிறகு கேட்டாள், "எங்க வந்துட்டிருக்கீங்க?"

தெரிந்த இடம்தான். இருந்தாலும் தலையைத் தூக்கி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு, பச்சைப் பலகையில் இருந்த எழுத்தை ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டான்.

"வள்ளிபுரமுங் அண்ணி," என்றான்.